டிக்கெட் காசைப் பிள்ளை உடம்புல வசூல் பண்ணாதீங்க

1/
முழு ஆண்டுப் பரீட்சை முடிஞ்சதும் எங்க ஓபியில் ஒரு தனிக் கூட்டம் வரும். யாருக்கும் நோய் இருக்காது. "டாக்டரம்மா, நாளைக்கு வேன் பிடிச்சு தீம் பார்க் போறோம். பிள்ளையளுக்கு வாந்தி வராம ஒரு சிரப்பு, சளி பிடிக்காம ஒரு சிரப்பு எழுதிக் குடுங்க" என்பார்கள். ரெண்டு நாள் கழிச்சு அதே வேனில் போன ரெண்டு பிள்ளைங்க நிஜமாவே நோயோட வந்து நிக்கும்.

சிரப்பு எழுதுவதை விட உபயோகமா நாலு விஷயம் சொல்லலாம்னுதான் இந்த இழை. கொஞ்சம் நீளம். சின்னப் பிள்ளைங்களோட லீவுக்குக் கிளம்புறவங்க சேமிச்சு வச்சுக்கோங்க.

2/
திசையன்விளையில் மே மாசம்னா ஊர் நிறையும். சென்னையிலும் மும்பையிலும் கடை வச்சிருக்கிற அண்ணன் தம்பிங்க கோயில் கொடைக்கு வந்து சேர்வாங்க. கொடை முடிஞ்ச மறுநாள், "பிள்ளையளுக்கு என்னத்தக் காட்டினோம்?" என்ற பேச்சு வரும். மூணு குடும்பம், ஒரு வேன், ஏழு பிள்ளைங்க. மூத்தவனுக்கு 13 வயசு, கடைக்குட்டிக்கு ஒண்ணரை. அதிகாலை 3 மணிக்குக் கிளம்பி நடுராத்திரி திரும்புற திட்டம்.

சந்தோஷமான விஷயம்தான். போகாதீங்கன்னு சொல்ல வரல. எப்படிப் போகணும்னு சொல்றேன்.

3/
போன வருஷம் மே மாசம், ராத்திரி பதினொண்ணே கால் மணி. நாலு வயசுப் பையனைத் தோளில் போட்டுத் தூக்கிட்டு வந்தாங்க. கூப்பிட்டா கண்ணைத் திறக்கிறான், உடனே மூடிக்கிறான். நாக்கு வறண்டிருக்கு. காலையில் போனதுக்கு அப்புறம் மூத்திரமே போகலை. மதியம் ரெண்டு மணிக்கே "அம்மா, வீட்டுக்குப் போவோம்"னு அழுதிருக்கான்.

"அப்பவே கிளம்பி இருக்கலாமே?"ன்னு கேட்டேன். அந்த அப்பா கோபப்படலை. தலையைக் குனிஞ்சு, "காசு கட்டியாச்சுல்லா டாக்டர். எல்லாருக்கும் சேத்துக் கட்டியாச்சு" என்றார்.

பையன் டிரிப் ஏறி விடிகாலையில் இட்லி கேட்டான். நல்லபடியா வீட்டுக்குப் போனான்.

4/
அந்த அப்பாவைக் குறை சொல்ல எனக்கு மனசு வரலை. மாசக்கணக்கா சேர்த்த காசு அது. டிக்கெட், வேன் வாடகை, சாப்பாடு, நனையறதுக்குன்னு தனி உடுப்பு, லாக்கர்னு போய்க்கிட்டே இருக்கும். 2021 மழையில் நாள்கணக்கா வெள்ளத்தை விட்டும் நிறையாம நின்ன நம்ம ஆயன்குளம் அதிசயக் கிணறு மாதிரி, எவ்வளவு போட்டாலும் உள்ளே இழுக்கும். அவ்வளவு செலவு பண்ணினவங்களுக்கு எல்லா ரைடும் ஏறி, கேட் மூடுற வரைக்கும் இருந்தாத்தான் காசுக்கு மதிப்புன்னு தோணும்.

ஆனா பிள்ளை உடம்புக்கு அந்தக் கணக்கு தெரியாது. அதுக்கு வெயில், தண்ணி, தூக்கம், பசி இந்த நாலுதான் தெரியும். இந்த இழை மொத்தத்தையும் ஒரே வரியில் கேட்டீங்கன்னா இதுதான்: டிக்கெட் காசைப் பிள்ளை உடம்புல வசூல் பண்ணாதீங்க.

5/
முதல் வேலை, எந்த பார்க்னு பேசுறதுக்கு முன்னாடி ஒரு இஞ்சு டேப் எடுங்க. செருப்பைக் கழற்றச் சொல்லி, சுவரோட நிறுத்தி, ஒவ்வொரு பிள்ளையோட உயரத்தையும் அளந்து எழுதுங்க.

ஏன்னா பெரிய பார்க்குகளில் ரைடுக்கு அனுமதி பெரும்பாலும் உயரத்தை வச்சுத்தான். பல இடங்களில் குழந்தை டிக்கெட்டா பெரியவங்க டிக்கெட்டா என்பதும் அப்படித்தான். வேகமான, தலைகீழாச் சுத்துற ரைடுகளுக்கு 120 செ.மீ. அல்லது 140 செ.மீ. கேட்பாங்க. நல்லா வளர்ற பிள்ளை சராசரியா 2 வயசில் 86 செ.மீ. பக்கம், 5 வயசில் 110 செ.மீ. பக்கம் இருக்கும். 140-ஐத் தொட 10, 11 வயசாகும்.

அதாவது, உங்க அஞ்சு வயசுப் பிள்ளை விளம்பரத்தில் பார்த்து ஆசைப்பட்ட ரைடில் ஏற இன்னும் அஞ்சு வருஷம் இருக்கு. இது வீட்டிலேயே தெரிஞ்சா ஒரு சின்ன ஏமாற்றம். பல மணி நேரம் பயணம் பண்ணி, வரிசையில் நின்ன பிறகு தெரிஞ்சா பெரிய அழுகை.

6/
"கொஞ்சம்தான் குறையுது, விட்டுருங்க தம்பி"ன்னு கேட்டில் நிக்கிற பையன்கிட்ட மன்றாடுற பெற்றோரைப் பார்த்திருப்பீங்க. செருப்புக்குள்ள துணி வச்சு உயரம் காட்டுறவங்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம்.

ரைடில் நம்மைப் பிடிச்சு வைக்கிற கம்பியும் பெல்ட்டும் இடுப்பெலும்பு மேலயும் தோள் மேலயும் சரியா உட்கார்ந்தாத்தான் வேலை செய்யும். சின்னப் பிள்ளைக்கு அது வயித்து மேல வரும், இல்லன்னா இடைவெளி விட்டு நிக்கும். அந்த இடைவெளி வழியாப் பிள்ளை வழுக்கி வெளியே வந்துடலாம். அது போக, சின்னப் பிள்ளைக்கு உடம்போட ஒப்பிட்டா தலை பெருசு, கழுத்துத் தசை பலம் கம்மி. திடீர்னு வெட்டி இழுக்கிற வேகத்தை அந்தக் கழுத்து தாங்காது. உயரக் கோடு என்பது பார்க்காரங்க பிகு பண்றதுக்காகப் போட்டது இல்ல. அந்த இயந்திரம் யாரைப் பிடிச்சு வைக்கும் என்பதோட எல்லை அது.

7/
எங்க வீட்டில் மகளுக்கு 7 வயசு, மகனுக்கு 3. அவ வகுப்புத் தோழி கொச்சி வொண்டர்லா போய்ட்டு வந்ததில் இருந்து வீட்டில் தினமும் கொச்சிதான். அளந்து பார்த்தோம். மகள் 118, மகன் 94. கொச்சி போனா அவன் நாள் முழுக்கத் தள்ளுவண்டியில், அவ பாதி ரைடுக்கு வெளியே, நாங்க ஆளுக்கு ஒரு பக்கம்.

சுவரில் 140-ல் பென்சிலால் ஒரு கோடு போட்டு, "இதைத் தொட்ட வருஷம் கொச்சி"ன்னு சொன்னோம். ரெண்டு நாள் முகத்தைத் தூக்கி வச்சிருந்தா. அப்புறம் அவளே தினமும் போய் அந்தக் கோட்டுக்குக் கீழே நின்னு பார்க்க ஆரம்பிச்சா. இந்த வருஷத்துக்குக் கன்னியாகுமரி போதும்னு முடிவாச்சு. காலையில் போய் ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துடலாம்.

8/
நம்ம பக்கத்தில் இருந்து கிளம்பினா:

➡️ கன்னியாகுமரி பேவாட்ச்: ரொம்பப் பக்கம். 6 வயசுக்குக் கீழே பிள்ளை இருந்தா முதல் தேர்வு இந்த மாதிரிப் பக்கத்து ஊராத்தான் இருக்கணும்.
➡️ மதுரை பரவை பக்கம் அதிசயம்: ஒரு பகல் பயணம். முதல் நாளே போய்த் தங்கிட்டா நல்லது.
➡️ கொச்சி வொண்டர்லா: 2000-ல் வீகாலேண்ட் என்ற பேரில் ஆரம்பிச்சது. கூட வர்ற பிள்ளைங்க எல்லாம் 140 செ.மீ. பக்கம் வந்த பிறகு யோசிங்க.
➡️ சென்னை: ஈசிஆர் விஜிபி, முட்டுக்காடு எம்ஜிஎம், 2025 டிசம்பரில் இள்ளலூரில் திறந்த வொண்டர்லா. விஜிபி சகோதரர்கள் நம்ம நெல்லைச் சீமையில் இருந்து போனவங்கன்னு பிள்ளைங்ககிட்ட சொல்லிக் கூட்டிட்டுப் போகலாம்.

தூரம்னா ரயில்தான் நல்லது. பிள்ளை எழுந்து நடக்கலாம், கழிப்பறை இருக்கு, படுக்கலாம். 5 வயசுக்குக் கீழே தனி இடம் கேட்காட்டி டிக்கெட் இல்ல. 5 முதல் 12 வரைக்கும் பெர்த் வேணாம்னா அரை டிக்கெட், பெர்த் வேணும்னா முழு டிக்கெட். ராத்திரிப் பயணத்தில் அந்த பெர்த்துக்குக் காசு கொடுங்க. தூங்கி எழுந்த பிள்ளையும் தூங்காத பிள்ளையும் வேற வேற பிள்ளைங்க.

9/
எப்பப் போறது?

அக்னி நட்சத்திரத்தில் வேண்டாம். லீவு ஏப்ரல் கடைசியில் ஆரம்பிச்சு ஜூன் வரைக்கும் இருக்கு. மே மாசத்தோட உச்சி வெயில் நாட்களைத் தவிர்த்தாலே பாதி வேலை முடிஞ்சது. காலாண்டு லீவு நல்ல நேரம். அரையாண்டு லீவுன்னா வானிலை அறிவிப்பைப் பார்த்துட்டுக் கிளம்புங்க. 2023 டிசம்பர் 17, 18 யாருக்கும் மறந்திருக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டி, நெல்லையும் தூத்துக்குடியும் தத்தளிச்ச நாட்கள்.

சனி, ஞாயிறு வேண்டாம். வார நாளில் வரிசை குறைவு. வெயிலில் நிக்கிற நேரமும் குறைவு.

10/
கீழே உள்ளவங்க பயணத்தைத் தள்ளிப் போடுங்க, இல்லன்னா உங்க டாக்டரைப் பார்த்துட்டுப் போங்க:

• ரெண்டு மூணு நாளா மேல் காயுற பிள்ளை, வயித்துப்போக்கு இருக்கிற பிள்ளை
• மாவுக்கட்டு போட்டவங்க, சமீபத்தில் ஆபரேஷன் ஆனவங்க
• பிறவி இதய நோய் உள்ள பிள்ளைங்க
• வலிப்பு வந்த பிள்ளைங்க (தண்ணியில் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பெரியவர் இல்லாம ஒரு நிமிஷம் கூட இருக்கக் கூடாது)
• இழைப்பு உள்ள பிள்ளைங்க போகலாம், ஆனா இன்ஹேலர் லாக்கரில் இல்லாம கையில் இருக்கணும்
• கர்ப்பமா இருக்கிற அம்மாக்களுக்கு ரைடும் சறுக்கும் கிடையாது. நாள் தள்ளிப் போயிருக்குன்னு சந்தேகம் இருந்தாலும் இதேதான்.

11/
இப்ப அந்த சிரப்பு விஷயம்.

வாந்திக்குன்னு கடையில் வாங்குற மருந்துகளில் புரோமெத்தசின் என்ற மருந்து இருக்கும். 2 வயசுக்குக் கீழே அதைக் கொடுக்கவே கூடாது. மூச்சு விடுறதையே மந்தமாக்கி உயிருக்கு ஆபத்தாகலாம். "வேனில் அழாம தூங்கட்டும்"னு கொடுக்கிறதும் எந்த வயசிலும் தப்பு. உண்மையில் 2 வயசுக்குக் கீழே பயண வாந்தி அரிது. ஸ்கூல் போற வயசில்தான் அதிகம்.

"சளி பிடிக்காம" இருக்க ஒரு சிரப்பும் உலகத்தில் கிடையாது. குளோர்பெனிரமினும் பினைலெப்ரினும் சேர்ந்த சளி சிரப்பை 4 வயசுக்குக் கீழே பயன்படுத்தக் கூடாதுன்னு பாட்டிலிலேயே போடச் சொல்லி, 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு உத்தரவு போட்டிருக்கு.

வாந்திக்கு: வெறும் வயிறும் வேண்டாம், எண்ணெய்ப் பலகாரமும் வேண்டாம். ரெண்டு இட்லி போதும். ஜன்னலைத் திறந்து தூரத்தைப் பார்க்க வைங்க. ஓடுற வண்டியில் செல்போனில் வீடியோ பார்க்க விடாதீங்க. இதுக்கே பாதி வாந்தி நிக்கும்.

12/
பையில் என்ன வைக்கணும்?

✅ ஓஆர்எஸ் பாக்கெட் (அரசு மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இலவசம்)
✅ பாராசிட்டமால் சிரப், பிள்ளையோட எடைக்கு டாக்டர் சொன்ன அளவை மேலேயே எழுதி வச்சது
✅ தினமும் சாப்பிடுற மருந்து ஏதாவது இருந்தா அது
✅ தொப்பி, ரெண்டு செட் மாற்றுத் துணி, பெரிய துண்டு
✅ நைலான், பாலியஸ்டர் உடுப்பு. தண்ணிப் பகுதியில் பருத்திக்கு அனுமதி இல்லாத இடங்கள் அதிகம். உள்ளே போய் வாங்கினா விலை கூட.

அந்த உடுப்பின் நிறம் முக்கியம். நீலமும் வெள்ளையும் தண்ணிக்குள்ள தெரியாது. கண்ணைப் பறிக்கிற ஆரஞ்சு, ரோஸ் நிறத்தில் வாங்குங்க. அழகுக்காகச் சொல்லலை. ஒரு நொடியில் கண்ணு பிள்ளையைக் கண்டுபிடிக்கணும்.

13/
வீட்டிலேயே கழற்றி வச்சுட்டு வர வேண்டியவை: கழுத்துச் செயின், தாயத்துக் கயிறு, தொங்குற கம்மல், கொலுசு. சறுக்கில் வேகமா வர்றப்ப கழுத்துக் கயிறு எதிலாவது மாட்டினா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. அரைஞாண் கயிறு கண்டிப்பா வேணும்னா, தொங்கட்டான் இல்லாம உடம்போட ஒட்டி இருக்கட்டும்.

நீள முடியைப் பின்னி, மடிச்சுக் கட்டிருங்க. அம்மாக்களுக்கும் இது உண்டு: கோ கார்ட், ராட்டினம் எதிலும் துப்பட்டாவும் சேலைத் தலைப்பும் பறக்கக் கூடாது. சக்கரத்தில் துணி சுத்தினா கழுத்து இறுகுறதுக்கு நொடிதான் ஆகும்.

14/
கிளம்புற நேரம். 1 முதல் 2 வயசுப் பிள்ளைக்கு நாளைக்கு 11 முதல் 14 மணி நேரம் தூக்கம் வேணும், 3 முதல் 5 வரைக்கும் 10 முதல் 13. பகல் தூக்கமும் இதில் சேர்த்திதான். மூணு மணிக்கு எழுப்பிக் குளிப்பாட்டிக் கிளம்பினா அன்னைக்கு அந்தக் கணக்கில் பாதி கூடத் தேறாது.

நான் சொல்ற அட்டவணை: பார்க் திறக்கிற நேரத்துக்கு அங்க இருங்க. முதல் ரெண்டு மணி நேரம் சின்னப் பிள்ளைங்க ரைடு. உச்சி வெயில் நேரம் சாப்பாடு, நிழல், கடைக்குட்டிக்கு ஒரு துண்டு விரிச்சுத் தூக்கம். மூணு மணிக்கு மேல தண்ணி. அஞ்சு மணிக்குக் கிளம்புறது. தண்ணிப் பகுதி எத்தனை மணிக்குத் திறந்து எத்தனை மணிக்கு மூடுவாங்கன்னு முன்னாடியே போன் போட்டுக் கேட்டுக்கோங்க.

ஏழு பிள்ளைங்க இருக்கிற குழுவா? ரெண்டாப் பிரிங்க. பெரிய பிள்ளைங்களோட ரெண்டு பெரியவங்க, சின்னதுங்களோட மூணு பெரியவங்க. "எல்லாரும் ஒண்ணாவே இருப்போம்" என்பதுதான் சின்னப் பிள்ளையை வெயிலில் காய வைக்கிற வாக்கியம்.

15/
வெயில். பிள்ளைங்களுக்கு எடையோட ஒப்பிட்டா தோல் பரப்பு அதிகம், வியர்வை சுரக்கிறது குறைவு. அதனால சூட்டை நம்மை விட வேகமா வாங்கும், மெதுவா விடும். விளையாட்டு மும்முரத்தில் தாகம்னு சொல்லவும் மாட்டாங்க. கேட்காமலே 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை ரெண்டு மடக்குக் கொடுங்க.

என்ன கொடுக்கலாம்? தண்ணி, மோர், இளநீர், உப்புப் போட்ட கஞ்சித் தண்ணி. நுங்கு கிடைச்சா வழியில் வாங்கிக்கோங்க.

கணக்கு ஒண்ணுதான்: மூத்திரம். 3, 4 மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது போகணும், வெளிர் மஞ்சளா இருக்கணும். அடர் மஞ்சள்னா விளையாட்டை நிறுத்தி, நிழலுக்குக் கூட்டிட்டு வந்து குடிக்கக் கொடுங்க. 6 மணி நேரம் போகலைன்னா மருத்துவமனை.

பார்க்கிங்கில் நிக்கிற வேனில் "தூங்குறான், இருக்கட்டும்"னு விட்டுட்டுப் போகாதீங்க. மூடின வண்டிக்குள்ள 10 நிமிஷத்தில் சுமார் 10 டிகிரி செல்சியஸ் ஏறிடும்.

16/
உடம்பு அனலாக் கொதிச்சு, பிள்ளை சம்பந்தமில்லாமப் பேசினாலோ, தள்ளாடினாலோ, கூப்பிட்டா பதில் இல்லன்னாலோ அது வெப்ப வாதம். உயிர் போகிற அவசரம். 108-க்கு ஒருத்தர் போன் போடட்டும். மத்தவங்க அந்த நிமிஷமே நிழலில் படுக்க வச்சு, துணியைக் கழற்றி, உடம்பு முழுக்கத் தண்ணி ஊத்தி விசிறணும். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஐஸ் வைக்கலாம். நினைவு இல்லாத பிள்ளை வாயில் எதையும் ஊத்தாதீங்க. ஆம்புலன்ஸ் வரட்டும், அப்புறம் குளிர வைக்கலாம்னு காத்திருக்கக் கூடாது.

17/
ஓஆர்எஸ் பற்றி ஒரு தெளிவு. பெரிய பாக்கெட்டுன்னா மொத்தத்தையும் 1 லிட்டர் தண்ணியில் கரைக்கணும். சின்ன பாக்கெட்டுன்னா அதில் போட்டிருக்கிற அளவு, பெரும்பாலும் 200 மி.லி. "கொஞ்சம் கெட்டியா"ன்னு தண்ணியைக் குறைச்சுக் கரைச்சா உப்பு அதிகமாகி கெடுதல். கரைச்சது 24 மணி நேரத்துக்கு மேல வேண்டாம்.

கடையில் டெட்ரா பாக்கில் "ஓஆர்எஸ்" என்ற எழுத்தோட வித்த பல இனிப்புப் பானங்கள் நிஜ ஓஆர்எஸ் இல்ல. சர்க்கரை ரொம்ப அதிகம். வயித்துப்போக்கு உள்ள பிள்ளைக்கு அது இன்னும் போக்கைக் கூட்டும். ஹைதராபாத் குழந்தைகள் நல மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல வருஷம் இதுக்காகப் போராடினார். 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர ஆணையம் அந்த மாதிரிப் பானங்களின் பேரில் இந்தச் சொல்லே வரக் கூடாதுன்னு உத்தரவு போட்டது. வாங்குறப்ப உலக சுகாதார நிறுவனத்தின் பார்முலா என்று அச்சிட்டிருக்கான்னு பாருங்க.

18/
இனி வர்றதை மட்டும் கொஞ்சம் நிதானமாப் படிங்க. தண்ணி.

2021-ல் உலகத்தில் சுமார் 3 லட்சம் பேர் தண்ணியில் மூழ்கி இறந்திருக்காங்கன்னு உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கு. அதில் ஏறக்குறைய நாலில் ஒருத்தர் 5 வயசுக்குக் கீழே.

சினிமாவில் மூழ்குறவங்க கையை ஆட்டிக் "காப்பாத்துங்க"ன்னு கத்துவாங்க. நிஜத்தில் சத்தமே வராது. மூச்சு விடவே நேரம் இல்லாத பிள்ளை கத்த முடியாது. உடம்பு நேரா நிக்கும், வாய் தண்ணி மட்டத்தில் போய்ப் போய் வரும், கண்ணு எதையும் பார்க்காது, கால் உதைக்காது. தூரத்தில் இருந்து பார்த்தா சும்மா நின்னு விளையாடுற மாதிரி இருக்கும். ஒரு நிமிஷத்துக்குள்ள எல்லாம் முடிஞ்சிடலாம். சுத்தி நூறு பேர் இருக்கிற குளத்திலும் இது நடக்கும். முழங்கால் ஆழத்திலும் நடக்கும்.

19/
ஒரு பார்க்கில் குழந்தைகள் குளத்துக் கரையில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். கரையில் 14 பெரியவங்க. அதில் 9 பேர் கையில் போன். பாதிப் பேர் தங்கள் பிள்ளையைத்தான் வீடியோ எடுத்துக்கிட்டு இருந்தாங்க. ஆனா பிள்ளையைப் பார்க்கலை, திரையைப் பார்த்தாங்க.

"எல்லாரும் பார்த்துக்கிறோம்"னா ஒருத்தரும் பார்க்கலைன்னு அர்த்தம். அதனால முறை போடுங்க. 15 நிமிஷத்துக்கு ஒருத்தர். அந்த 15 நிமிஷம் அவர் கையில் போன் இல்ல, பேச்சு இல்ல, பஜ்ஜி இல்ல. கண்ணு பிள்ளை மேல. முறை மாறுறப்ப பேரைச் சொல்லி, "மைனி, இனி நீங்க" என்று சொல்லிட்டுத்தான் எழுந்திருக்கணும்.

5 வயசுக்குக் கீழே உள்ள பிள்ளைக்குக் கரையில் இருந்து பார்க்கிறது பத்தாது. தண்ணிக்குள்ள, கை நீட்டினா தொடுற தூரத்தில் நிக்கணும். காற்றடிச்ச வளையமும் கைப்பட்டையும் விளையாட்டுச் சாமான்தான், உயிர் காக்கிறது இல்ல. அலைக்குளத்தில் சின்னப் பிள்ளைங்க கணுக்கால் அளவைத் தாண்ட வேண்டாம்.

20/
தூக்கின பிள்ளைக்கு மூச்சு இல்லன்னா?

❌ தலைகீழாத் தொங்க விடாதீங்க
❌ தலைக்கு மேல தூக்கிச் சுத்தாதீங்க
❌ வயித்தை அமுக்கித் தண்ணி எடுக்காதீங்க

நம்ம கடற்கரை ஊர்களில் இந்த மூணும் பழக்கம். மூணுமே நேரத்தைத் தின்னும், வயித்தில் இருக்கிறது நுரையீரலுக்குப் போகும்.

✅ பார்க் ஊழியரைக் கத்திக் கூப்பிடுங்க, ஒருத்தர் 108
✅ மல்லாக்கப் படுக்க வச்சு, தலையை லேசாப் பின்னால் சாய்ச்சு, தாடையை உயர்த்தி, மூக்கை மூடி, முதலில் வாயோட வாய் வச்சு மூச்சு கொடுங்க. நெஞ்சு உயர்றது தெரியணும்
✅ அசைவு இல்லன்னா நெஞ்சின் நடுவில் வேகமா 30 அழுத்தம், 2 மூச்சு. உதவி வர்ற வரைக்கும் நிறுத்தாதீங்க

மூழ்கி எடுத்த பிள்ளை எழுந்து நல்லாப் பேசினாலும் மருத்துவமனைக்குக் கூட்டிட்டுப் போங்க. இருமலும் மூச்சு வாங்கலும் சில மணி நேரம் கழிச்சு வரலாம். 6 முதல் 8 மணி நேரம் கண்காணிப்பில் வைக்கிறது இதுக்காகத்தான்.

21/
பலருக்குத் தெரியாத ஒண்ணு. "பிள்ளை பயப்படுது"ன்னு மடியில் உட்கார வச்சு சறுக்கில் வருவோம் இல்லையா, சின்னப் பிள்ளைக்குக் கால் எலும்பு முறிய அது ஒரு முக்கிய வழி. பிள்ளையோட செருப்போ பாதமோ சறுக்கின் ஓரத்தில் மாட்டி நிக்கும். தனியா வந்தா பிள்ளையும் நின்னுடும். மடியில் இருந்தா நம்ம எடையும் சேர்ந்து கீழே இழுக்கும், கால் முறுக்கிக்கிட்டு முழங்காலுக்குக் கீழே எலும்பு உடையும். அன்பினால வர்ற முறிவு இது.

தனியா வர முடியாத சறுக்கு அந்தப் பிள்ளைக்கான சறுக்கு இல்ல. அவ்வளவுதான்.

22/
தண்ணியைக் குடிக்காதேன்னு சொல்லிச் சொல்லி அனுப்புங்க. குளோரின் போட்டா எல்லாக் கிருமியும் செத்துடாது. கிரிப்டோஸ்போரிடியம்னு ஒரு கிருமி, சரியான அளவு குளோரின் இருக்கிற தண்ணியிலும் ஒரு வாரத்துக்கு மேல உயிரோட இருக்கும். வயித்துப்போக்கு இருக்கிற ஒரு பிள்ளை இறங்கினா போதும். அதனால உங்க பிள்ளைக்குப் போக்கு இருந்தா இறக்காதீங்க. டயபர் கிருமியைத் தடுக்காது. மணிக்கு ஒரு தடவை தண்ணியில் இருந்து வெளியே கூட்டிட்டு வந்து கழிப்பறைக்குக் கூட்டிட்டுப் போங்க.

வெளியே வந்ததும் நல்ல தண்ணியில் குளிப்பாட்டி, காதின் வெளிப்பக்கம் துடைச்சு விடுங்க. பட்ஸ் போட்டுக் குடையாதீங்க.

23/
சாப்பாடு: எலுமிச்சைச் சாதமோ இட்லியோ எடுத்துட்டுப் போனா காலையிலேயே முடிச்சிருங்க. மதியம் வரைக்கும் வேன் சூட்டில் வச்ச தயிர்ச் சாதம், முட்டை, கறி வேண்டாம். 4 வயசுக்குக் கீழே பாப்கார்னும் கடலையும் கொடுக்காதீங்க. ஓடிக்கிட்டே சாப்பிடுற பிள்ளைக்கு மூச்சுக்குழாயில் போய் அடைக்கும்.

தொலைஞ்சு போறது: கேட்டில் நுழையுறப்பவே அன்னைக்குப் போட்டிருக்கிற உடுப்போட ஒரு போட்டோ எடுங்க. உங்க போன் நம்பரை முன்கையில் பேனாவால் எழுதி, மேலே செல்லோடேப் ஒட்டுங்க. தொலைஞ்சா நகராம நின்னு, பார்க் சீருடை போட்ட ஆள்கிட்டயோ பிள்ளையோட நிக்கிற ஒரு அம்மாகிட்டயோ சொல்லணும்னு வீட்டிலேயே விளையாட்டாச் சொல்லிக் கொடுங்க.

24/
திரும்பி வந்த பிறகு எதுக்கெல்லாம் உடனே வரணும்?

🚩 ஓயாத இருமல், மூச்சு வாங்கல்
🚩 6 மணி நேரமா மூத்திரம் இல்ல, எழுப்பினா எழ மாட்டேங்குது
🚩 தலையில் அடிபட்ட பிறகு திரும்பத் திரும்ப வாந்தி, மந்தம்
🚩 காலை ஊன மாட்டேங்குது
🚩 மலத்தில் ரத்தம், விடாத வயித்துப்போக்கு
🚩 3 நாளுக்கு மேல காய்ச்சல்

எந்த டாக்டரைப் பார்த்தாலும், "தண்ணிப் பார்க் போயிருந்தோம்" என்ற ஒரு வரியை மறக்காமச் சொல்லுங்க.

25/
கடைசியா ஒரு யோசனை. கடைக்குட்டிக்கு 4 வயசுக்குள்ள இருந்தா, இந்த வருஷம் தீம் பார்க்கே வேண்டாம்னு முடிவெடுக்கிறதும் நல்ல திட்டம்தான். நெல்லை கொக்கிரகுளத்தில் மாவட்ட அறிவியல் மையம் இருக்கு, 1987-ல் இருந்து. வெளியே பூங்காவில் பிள்ளைங்க தொட்டு, தள்ளி, சுத்திப் பார்க்கிற சாமான் நிறைய. கூந்தன்குளத்தில் பறவைங்க. செலவு ஒரு பஸ் டிக்கெட்டும் மதியச் சாப்பாடும். அரசு பஸ்ஸில் 5 வயசு வரைக்கும் டிக்கெட்டும் இல்ல.

மூணு வயசுப் பிள்ளைக்கு எத்தனை ரைடுன்னு எண்ணத் தெரியாது. அப்பா அன்னைக்குக் கடைக்குப் போகலை, அம்மா அடுப்படியில் இல்ல, ரெண்டு பேரும் தன்னோடயே இருந்தாங்க என்பது மட்டும் தெரியும். அது எந்த பார்க்கிலும் டிக்கெட் போட்டு விக்கிறது இல்ல.

போறவங்க நல்லாப் போய்ட்டு வாங்க. மதியம் ரெண்டு மணிக்குப் பிள்ளை "வீட்டுக்குப் போவோம்"னு சொன்னா, மிச்சம் இருக்கிற ரைடு அங்கேயே இருக்கட்டும்னு விட்டுட்டுக் கிளம்புங்க.

வேன் பிடிக்கிற வாட்ஸ்அப் குரூப்பில் இதைப் பகிருங்க.